பேரிங்கில் குறையில்லை

பேரிங்கைச் சுண்டுவிரலில் மாட்டி மறுகையால் ஒரு தட்டு தட்டினாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. சத்தமில்லை. காதருகே கொண்டுபோய் இன்னொரு தட்டு. நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

குளியலறைத் தரையில் ஒரு வாஷிங் மிஷின் முழுசாகப் பிரிந்து கிடந்தது. டிரம் ஒரு மூலையில் சாய்ந்திருந்தது. பெல்ட் குழாயில் தொங்கியது. நட்டுகள் சோப்பு டப்பாவின் மூடியில். பிரிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் வெளியேறவில்லை என்பதுதான் வந்த புகார். அதைப் பத்தாவது நிமிடமே முடித்துவிட்டாள். வடிகட்டியில் ஒரு சட்டைப் பொத்தானும் ஒரு கரித்துண்டும் அடைத்துக்கொண்டிருந்தன. சோதித்துப் பார்க்க மிஷினை ஓட்டியபோதுதான் அந்தச் சத்தம். அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். அதன்மேல் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு கீச்சல். வேகம் கூடினால் உறுமலும் கூடியது, நிறுத்தினால் நின்றது. பேரிங்தான், சந்தேகமே இல்லை.

"பேரிங் போயிருக்கும்மா. இன்னும் ஒரு வாரம் இப்படியே ஓட்டினா டிரம்மே கழண்டுடும்," என்று வீட்டுக்காரப் பெண்ணிடம் சொன்னாள்.

"பாத்துச் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். அவள் விரல்களெல்லாம் கரியாக இருந்தன.

பட்டறையில் அவளுக்கு ஸ்டெத், அதாவது டாக்டரின் ஸ்டெதஸ்கோப், என்று பெயர். ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பாள். முனையை மிஷினின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வாள். மோட்டாரா, பெல்ட்டா, உள்ளே சிக்கிய ஊக்கா என்று பிரிக்காமலே சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மற்றவர்கள் கைவிட்ட மிஷின் என்றால் முதலாளி நிமிராமலே, "ஸ்டெத்தை அனுப்பு," என்பார். அன்றைக்கு அந்த ஸ்குரூ டிரைவர் பையிலேயே கிடந்தது. தெருவுக்கே கேட்கிற சத்தத்துக்கு அது எதற்கு என்று எடுக்கவில்லை.

பக்கத்து அறைக் கதவு திறந்து, ஒல்லியாக ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்லா வந்துட்டிருந்துதே. மறுபடி ஓடும்னு இவ்வளவு நேரம் பாத்துட்டிருந்தேன்."

"எது?"

அவர் தரையைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பேரிங்கைப் பார்த்தார். பிறகு குனிந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த மிஷினின் பின்தகட்டிலிருந்து பொத்தான் அளவுக்கு ஒரு செப்பு வில்லையைப் பிய்த்தெடுத்தார். அதிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு ஒயர் கதவிடுக்கில் நுழைந்து அவர் அறைக்குள் போனது.

"இது மைக்கு. மிஷின் சத்தத்தை எடுத்து, உள்ள கொஞ்சம் மாத்தி, ஸ்பீக்கர்ல விட்டுட்டிருந்தேன். ஸ்பீக்கர் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான். நீங்க வந்திருக்கறதைத் தங்கச்சி சொல்லல."

"அப்ப அந்த உறுமல்?"

"அது நான்தான்."

ஸ்டெத்தின் மானம் கப்பலேறியது. பட்டறையில் தெரிந்தால் இனி ஆறு மாசத்துக்குப் பேச வேறு விஷயம் தேவைப்படாது. அவர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அவள் மறுபடி மிஷினைப் பூட்ட ஆரம்பித்தாள்.

"பத்தொன்பது வருஷத்துல என்னை ஏமாத்தின முதல் ஆள் நீங்கதான் சார்."

"ஏமாத்தணும்னு செய்யலைங்க."

"அது இன்னும் மோசம்."

கடைசித் திருகைப் பூட்டியதும் அவள் பையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அடுத்த வீடு காத்திருந்தது. ஆனால் எங்கே ஏமாந்தோம் என்று தெரியாமல் போனால் ராத்திரி தூக்கம் வராது. "அதை இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

அவர் அறையில் ஒரு கட்டில், ஒரு கணினி, நிறைய ஒயர். அவ்வளவுதான். ஒலி தொடங்கியதும் அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்து ஸ்பீக்கர் பெட்டியில் ஊன்றி, காதை வைத்துக் கண்ணை மூடினாள். இப்போது உறுமலுக்குக் கீழே அவளுக்குத் தெரிந்த மிஷின் இருந்தது. நன்றாக, ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது.

"பெல்ட்டை நீங்க தொடல. அது அப்படியே இருக்கு."

"ஆமா."

"தண்ணி விழுதில்ல, அதைப் பின்னாலருந்து முன்னால ஓட்டியிருக்கீங்க."

அவர் நாற்காலியைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தார். "இதே மாதிரி ஒண்ணை நெட்டுல போட்டு ஆறு மாசமாச்சு. பதினாலு பேர் கேட்டிருக்காங்க. அதுல ரெண்டு பேர் எங்க அம்மா. ஒருத்தரும் இதைக் கண்டுபிடிக்கல."

"ரெண்டு பேரு எப்படி அம்மா?"

"ரெண்டு போன் வச்சிருக்காங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அடுத்ததைப் போட்டார். அதற்குள் அந்த வீட்டுக்காரப் பெண், அவர் தங்கச்சி, ஒரு நீளத் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து சுவரில் மாட்டி, ஒலி போகிற போக்கில் கரித்துண்டால் இழுக்கத் தொடங்கினாள். உறுமலுக்குத் தடித்த கோடு. கீச்சலுக்கு நகத்தால் கீறினாள். வடிகட்டியில் கரி எப்படி வந்தது என்பது அப்போதுதான் ஸ்டெத்துக்குப் புரிந்தது. அடுத்த வீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். வண்டி பஞ்சர் என்று சொன்னாள். அவளிடம் வண்டி கிடையாது.

இது போன மழைக்காலத்தில் நடந்தது.

அதற்கு முன்பு பாட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டுப்பாட்டு ஆசிரியை அவளை முன்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னாள். அதோடு விட்டாயிற்று. இப்போது சத்தக்காரர், அப்படித்தான் அவரை அவள் சொன்னாள், நாலைந்து இணையதளங்களின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தங்கள் படுக்கையறையிலிருந்து, காலியான கிடங்குகளிலிருந்து ஆட்கள் எதையோ செய்து அதில் போடுகிறார்கள். கேட்பவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். சீட்டிலிருந்த பெயர்கள் ஒரு மாசத்தில் தீர்ந்தன. பிறகு அவளே தேடினாள். ஒரு ஆளின் பக்கத்தில் நன்றி என்று போட்டிருக்கும் பெயரைப் பிடித்து அடுத்த ஆளிடம் போவாள். அங்கிருந்து இன்னொருவர். கசிவு எங்கே தொடங்குகிறது என்று குழாயைத் தடவிக்கொண்டே போகிற மாதிரி. புதிதாக ஒன்று கிடைத்த அன்று பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டு வருவாள்.

கேட்டதைப் பற்றி சர்வீஸ் கார்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். வேறு விதமாக எழுத அவளுக்குத் தெரியாது.

"புகார்: ஒரு பெண் பாடுவதே இல்லை, மூச்சு மட்டும் விடுகிறாள். பார்த்தது: பன்னிரண்டாவது நிமிடத்தில் மூச்சோடு ஒரு குக்கர் சேர்ந்துகொள்கிறது. செய்தது: இரண்டு முறை கேட்டேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்."

"புகார்: நாலு பேர், நாலு கிதார், யாருக்கும் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லை. பார்த்தது: கடைசியில் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். செய்தது: தேவைப்படவில்லை."

"புகார்: பனிக்கட்டி உருகுகிறது, நாற்பது நிமிடம். பார்த்தது: உருகிவிட்டது. செய்தது: பாதியில் தூங்கிவிட்டேன். குறை மெக்கானிக்கிடம்."

வீட்டில் மூன்று பேர். அவள், கணவன், கணவனின் அக்கா. கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். சாது. அவள் எதை நீட்டினாலும் இயர்போனை வாங்கி ஒரு காதில் வைத்துக்கொள்வான், "அருமை" என்பான், ஒன்றரை நிமிடத்தில் தூங்கிப்போவான். தாலாட்டானாலும் தகர டப்பாவை உருட்டினாலும் அவனுக்கு ஒரே கணக்கு.

"எப்படி இருந்துது?"

"கேட்டேன், கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"அதான், அந்த… சத்தம்."

நாத்தனார் வேறு ரகம். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை கண்ணாடிச் சாவடிக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் குழாய் சொட்டுவதுகூட ஆகாது.

"நாள் பூரா மைக்குல கத்திட்டு வரேன். இங்க வந்தா நீ மிக்சியைப் போட்டுட்டுப் பாட்டுங்கற."

"மிக்சி இல்ல அண்ணி. ரம்பம்."

"ரொம்ப சந்தோஷம்."

"ஒரு அஞ்சு நிமிஷம் காது குடுத்துப் பாருங்க."

"குடுத்தா திருப்பித் தருவியா?"

ஸ்டெத் இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு குறை இருந்தது. கேட்டு முடித்ததும், "அந்த இடம் வந்துச்சே," என்று சொன்னால், "ஆமா, அந்த இடம்," என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான். கார்டுகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. படிக்கிற ஆளும் அவள்தான், எழுதுகிற ஆளும் அவள்தான்.

வெயில் கொளுத்துகிற மாதத்தில் ஒரு நாள் சத்தக்காரர் போன் செய்தார். முதன்முதலாக ஆட்கள் முன்னால் செய்யப்போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சைக்கிள் கடைக்கு மேலே உள்ள கூடத்தில். தங்கச்சி சுவரில் வரைவாள். பத்துப் பேராவது வர வேண்டும் என்றார்.

"நான் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேன்," என்று அவள் வாய் கொடுத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு," என்றாள் நாத்தனார். "லீவு போட்டுட்டு சத்தம் கேக்க வரணுமா?"

கணவன் தட்டிலிருந்து தலை தூக்காமல், "ஏசி இருக்காம் அக்கா," என்றான்.

நாத்தனார் மேலே பார்த்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றையும் யோசித்து யோசித்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள். பதினொன்று நிறைந்தன. சத்தக்காரரின் அம்மா இரண்டு போனோடும் முதல் வரிசையில் இருந்தார். நாத்தனார் நேராகப் போய் ஜன்னல் ஏசிக்கு எதிரிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை விசிறி, கண்ணை மூடினாள். கணவன் அதற்குப் பக்கத்தில். சுவர் நெடுக வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. தங்கச்சி கரியோடு அதன் இடது ஓரத்தில் நின்றாள்.

முதல் பகுதி வாஷிங் மிஷின். அந்த உறுமல் வந்ததும் ஸ்டெத்துக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இரண்டாவது பகுதியில் சத்தக்காரர் ஒரு தகரத் தட்டில் விரலை நனைத்துத் தேய்த்தார். கணவன் தூங்கிவிட்டான். மூன்றாவது பகுதி மெல்லியது. நெடுக ஒரே ஒரு சுருதி, அது நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத மாதிரி. அப்போதுதான் அது ஆரம்பித்தது.

டிர்ர்ர். கொஞ்சம் இடைவெளி. டிர், டிர்ர்ர்.

முதல் வரிசையில் தாடிக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். தங்கச்சி நீளக் கோட்டின் கீழே புள்ளிகள் குத்தத் தொடங்கினாள். ஸ்டெத் மட்டும் நிமிர்ந்து ஏசியைப் பார்த்தாள். இது கம்பிரஸர் ஓடத் தொடங்கிய நேரம். இது ஏதோ ஒரு மூடி ஆடுகிற சத்தம்.

ஆனால் அன்றைக்கும் இப்படித்தான் சந்தேகமே இல்லை என்று நினைத்தாள். ஒரு முழு மிஷினைப் பிரித்துப் போட்டாள். இன்று எழுந்து போய் இது கோளாறு என்று பத்துப் பேர் முன்னால் சொல்லி, அது அவர் வேண்டுமென்றே வைத்ததாக இருந்தால்? நாத்தனார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அது போகட்டும். முதன்முதலாக ஆட்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷனின் வேலையை அவளே கெடுத்த மாதிரி ஆகிவிடும்.

சத்தக்காரரைப் பார்த்தாள். அவர் ஒரு ஒயரைப் பிடுங்கினார். மறுபடி சொருகினார். இன்னொன்றைப் பிடுங்கினார். டிர்ர்ர் நிற்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

ஸ்டெத் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே சாய்ந்து நடந்து, ஏசியின் முன்மூடியில் முனையை ஊன்றி, காதைப் பிடியில் வைத்தாள். இடது பக்கத்து கிளிப் உடைந்திருந்தது. மூடி அந்த ஓரத்தில் துடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையை அதன்மேல் அழுத்தினாள்.

நின்றது.

கூடம் திடீரென்று பெரிதானது போல் இருந்தது. அந்த ஒற்றைச் சுருதி மட்டும் நடுவில் தனியாக நின்றது. கணவன் விழித்துக்கொண்டான், மின்சாரம் போய் விசிறி நின்றால் விழிப்பானே, அப்படி. சத்தக்காரர் மூச்சு விட்டார். தாடிக்காரர் யாரோ தன் மடியிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி சுற்றிலும் பார்த்தார்.

"எடு கையை."

நாத்தனாரின் குரல். பஸ் நிலையத்தில் கடைசி நடைமேடை வரை போகிற குரல், அடக்கிச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன அண்ணி?"

"கையை எடுன்னு சொன்னேன். அது இருந்தப்பதான் நல்லா இருந்துச்சு. இப்ப மொட்டையா இருக்கு."

ஸ்டெத் சத்தக்காரரைப் பார்த்தாள். அவர் நாத்தனாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டெத்தைப் பார்த்துத் தலையசைத்து, தன் சுருதியின் ஒலியைப் பாதியாகக் குறைத்தார்.

அவள் கையை எடுத்தாள். டிர்ர்ர். அழுத்தினாள். பாதி அழுத்தினாள், அது தொண்டையைக் கனைக்கிற மாதிரி ஒன்று வந்தது. கட்டைவிரலை மட்டும் வைத்தால் உயர்ந்தது, மணிக்கட்டை வைத்தால் இறங்கியது. பத்தொன்பது வருஷமாக நிறுத்துவதற்கென்றே தொட்ட சத்தத்தை இப்போது விட்டு விட்டுப் பிடித்தாள். அவசரப்பட்டு ஒரு முறை முன்னதாகவே எடுத்துவிட்டாள். நாத்தனார் உச்சுக் கொட்டினாள். பிறகு வலது கையைத் தூக்கிக்கொண்டாள். சாவடியில் மைக்கைத் திறக்கச் சொல்லிப் பக்கத்து மேஜைக்குச் சைகை காட்டுகிற அதே விரல். விரல் நிமிர்ந்தால் ஸ்டெத் கையை எடுத்தாள். மடங்கினால் அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டுதான் நாத்தனார் காட்டினாள். தங்கச்சி இருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரைந்தாள். ஒரு தடவை விரல் பாதி எழுந்து அப்படியே நின்றது. ஸ்டெத்தின் கையும் மூடியின் மேல் பாதி அழுத்தத்தில் நின்றது. கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. சத்தக்காரரின் அம்மா ஒரு போனைக் கீழே வைத்தார். பிறகு விரல் நிமிர்ந்தது.

கம்பிரஸர் தானாக அணைந்தபோது எல்லாம் முடிந்தது. அதன் பிறகு செய்ய எதுவும் இல்லை என்று சத்தக்காரர் ஒலியை மெல்ல இறக்கினார். பதினொரு பேர் கை தட்டினால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு வந்தது. அவர் ஸ்டெத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எழுந்திருக்கலைன்னா செத்தேன்," என்றார்.

"பேரிங் இல்ல சார். கிளிப்பு," என்றாள் அவள்.

தங்கச்சி தாளின் கடைசி ஒரு முழத்தை, நீளக் கோடும் புள்ளிகளும் வெற்றிடங்களுமாக இருந்ததை, கத்தரித்துச் சுருட்டி நாத்தனாரிடம் கொடுத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா இது? எனக்கு ஓவியமெல்லாம் தெரியாது."

"இதை நீங்கதான் சொல்லிச் சொல்லிப் போட்டீங்க."

நாத்தனார் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் மூவருக்கும் கடைசி இருக்கை கிடைத்தது. இரண்டு நிறுத்தம் போனது.

"அந்த இடம் வந்துச்சே," என்றாள் நாத்தனார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"எந்த இடம் அண்ணி?"

"நான் விரலைப் பாதியில நிறுத்தினேன்ல. நீயும் எடுக்கப் போற மாதிரி இருந்து எடுக்கல. அந்த இடம்."

ஸ்டெத் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஆமா," என்றாள். "அந்த இடம்."

"எனக்கும் தெரிஞ்சுது," என்றான் கணவன்.

"நீ தூங்கினடா."

"முழிச்சதுக்கு அப்புறம் வந்ததைச் சொல்றேன்."

"இவன் முழிச்சதே அதுல ஒரு அதிசயம்," என்று நாத்தனார் சிரித்தாள். முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முயற்சி செய்யவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. நாத்தனார் ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பினாள். சாவடியில் கால அட்டவணைக்கு மேலே அந்தத் தாளை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினாள். மேற்பார்வையாளர் இது என்ன என்று கேட்டார். ஏசி என்று சொன்னாள். கணவன் கடையில் ஒன்பது ஜோடி லென்ஸ் தேய்த்தான். ஸ்டெத்துக்கு நாலு வீடு. முதல் வீட்டில் பெல்ட் மாற்றினாள். இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. மூன்றாவதில் கதவு ரப்பர் கிழிந்திருந்தது, அளவு எடுத்துக்கொண்டாள். நாலாவதில் பேரிங். ஸ்குரூ டிரைவரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தாள். நான்கு மணிக்குச் சைக்கிள் கடைக்காரர் பட்டறைக்குப் போன் செய்து, மாடியில் ஏசி மூடி ஆடுகிறது என்றார். முதலாளி புதன்கிழமைக்கு எழுதிக்கொண்டார். சாயங்காலம் சாப்பிட்ட பிறகு கணவன் பாத்திரம் கழுவினான். நாத்தனார் பாயை விரித்து உட்கார்ந்து, ஸ்டெத்திடம் இயர்போனில் ஒன்றைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.